பிள்ளையை உருவாக்குவது வீடா, விளையாட்டுத் திடலா?

ஜூடித் ரிச் ஹாரிஸ் எழுதிய 'தி நர்ச்சர் அசம்ப்ஷன்' என்னும் நூல் பற்றிய ஒரு மதிப்புரை

"தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை" என்பது நம் நாட்டுப் பழமொழி. "பூவோடு சேர்ந்த நாரும் மணம் பெறும்" என்பதும் நம் பழமொழியே. முதலாவது பிள்ளையின் குணத்துக்குத் தாயைக் காரணமாகக் காட்டுகிறது. இரண்டாவது சேர்க்கையைக் காரணமாகக் காட்டுகிறது. பிள்ளை நன்றாகப் படித்து முன்னுக்கு வந்தால் பெற்றோரின் வளர்ப்பைப் புகழ்கிறோம். தவறான வழியில் சென்றால் பெற்றோர் சேர்க்கையைப் பழிக்கிறார்கள். அண்டை வீட்டார் வளர்ப்பைப் பழிக்கிறார்கள். இவற்றில் எது உண்மை? எந்த அளவுக்கு உண்மை? இதை அளந்து பார்க்க வழி உண்டா?

இந்தக் கேள்விகளைத் துணிச்சலோடு எழுப்பி, உளவியல் உலகையே ஒரு கலக்குக் கலக்கிய நூல் 1998-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்தது. பிள்ளைகள் பெரியவர்களானபின் எத்தகைய குணமுடையவர்களாக இருப்பார்கள் என்பதில் பெற்றோரின் வளர்ப்பு முறைக்கு நிலையான பங்கு ஏதும் இல்லை. பரம்பரையும், வீட்டுக்கு வெளியே உள்ள ஒத்த வயதுத் தோழர் குழாமுமே அதை முடிவு செய்கின்றன என்பது அந்நூலின் வாதம். கேட்டவுடன் தூக்கிவாரிப் போடுகிறது அல்லவா? வாதத்தைப் பொறுமையாகப் பின்தொடர்ந்து, எது நிற்கிறது, எது நிற்கவில்லை என்று பார்ப்போம்.

பட்டம் மறுக்கப்பட்டவர்

ஜூடித் ரிச் ஹாரிஸ் 1938-இல் நியூயார்க்கில் பிறந்தவர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உளவியல் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தார். இவரால் சொந்தமாக ஆய்வு செய்ய இயலாது என்று கருதிய துறையினர், 1960-இல் முனைவர் பட்டம் தராமலே இவரை அனுப்பிவிட்டனர். அந்தக் கடிதத்தில் கையெழுத்திட்டவர் ஜார்ஜ் மில்லர் என்ற புகழ்பெற்ற உளவியலார். பின்னர் நீண்டகால நோயினால் ஹாரிஸ் பெரும்பாலும் வீட்டிலேயே இருக்க நேர்ந்தது. அங்கிருந்தபடியே குழந்தை வளர்ச்சி பற்றிக் கல்லூரி மாணவருக்குப் பாடநூல்கள் எழுதி வந்தார்.

பாடநூல் எழுதுபவர் நூற்றுக்கணக்கான ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் படித்துச் சுருக்க வேண்டும். அப்படிப் படிக்கப் படிக்க, தாம் எழுதிக்கொண்டிருந்த முடிவுகளில் பல சான்றுகளால் நிலைநாட்டப்படாதவை என்ற ஐயம் ஹாரிஸுக்கு எழுந்தது. பாடநூல் எழுதுவதை நிறுத்தினார். 1995-இல் 'சைக்கலாஜிக்கல் ரிவ்யூ' என்னும் ஆய்விதழில் தம் கொள்கையைக் கட்டுரையாக வெளியிட்டார். அதற்கு ஒரு பரிசும் கிடைத்தது. அந்தப் பரிசின் பெயர் ஜார்ஜ் மில்லர் பரிசு! அக்கட்டுரையின் விரிவே இந்நூல். 2009-இல் திருத்திய பதிப்பு வந்தது. ஹாரிஸ் 2018-இல் காலமானார். பதவியோ ஆய்வுக்கூடமோ இல்லாத ஒருவர், பிறர் செய்த ஆய்வுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டே எழுதிய நூல் இது. அதன் பலமும் பலவீனமும் இதிலிருந்தே பிறக்கின்றன.

கணக்கில் விடுபட்ட பரம்பரை

குழந்தை வளர்ப்புப் பற்றிய பழைய ஆய்வுகள் எவ்வாறு நடந்தன? ஆய்வாளர் சில நூறு குடும்பங்களைத் தேர்ந்தெடுப்பார். பெற்றோர் கண்டிப்பானவர்களா, பொறுமையுள்ளவர்களா, பிள்ளைக்குப் படித்துக் காட்டுகிறார்களா என்று குறித்துக்கொள்வார். பிறகு பிள்ளைகளைச் சோதிப்பார். பொறுமையுள்ள பெற்றோரின் பிள்ளைகள் அமைதியானவர்களாகவும், அடிக்கும் பெற்றோரின் பிள்ளைகள் முரடர்களாகவும் இருப்பது தெரியவரும். உடனே, பொறுமை அமைதியை வளர்க்கிறது, அடி முரட்டுத்தனத்தை வளர்க்கிறது என்று முடிவு எழுதப்படும்.

இதில் இரண்டு ஓட்டைகள் இருப்பதை ஹாரிஸ் சுட்டிக்காட்டுகிறார். முதலாவது, அந்தப் பெற்றோர் பிள்ளைக்கு வளர்ப்பை மட்டும் கொடுக்கவில்லை, மரபணுக்களையும் கொடுத்திருக்கிறார்கள். இயல்பிலேயே பொறுமைசாலியான தந்தைக்குப் பொறுமைசாலியான மகன் பிறந்தால், அது பரம்பரையின் வேலையா, வளர்ப்பின் வேலையா என்று இத்தகைய ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டாவது, பிள்ளையும் பெற்றோரை மாற்றுகிறது. சாதுவான குழந்தையைக் கொஞ்சுவது எளிது. எதற்கெடுத்தாலும் அடம்பிடிக்கும் குழந்தையிடம் பொறுமை காப்பது கடினம். ஒரே தாய் தன் இரண்டு பிள்ளைகளிடம் இரண்டு விதமாக நடந்துகொள்வதை நீங்களே கண்டிருப்பீர்கள். அப்படியானால் அடி முரட்டுத்தனத்தை உண்டாக்கியதா, முரட்டுத்தனம் அடியை வரவழைத்ததா?

இந்தச் சிக்கலை அவிழ்க்க உதவுபவர்கள் இரட்டையரும் தத்துப்பிள்ளைகளும். ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையருக்கு மரபணுக்கள் ஏறத்தாழ முழுவதும் ஒன்றே. இரு கருக்களிலிருந்து பிறந்த இரட்டையர், உடன்பிறந்தோரைப் போலச் சராசரியாகப் பாதி அளவே ஒத்தவர்கள். இரு வகையினரும் ஒரே வீட்டில் வளர்கிறார்கள். முதல் வகையினர் இரண்டாம் வகையினரைவிட எவ்வளவு அதிகமாக ஒத்திருக்கிறார்கள் என்று பார்த்தால் பரம்பரையின் பங்கை மதிப்பிடலாம். அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் தாமஸ் பூஷார்ட் 1979-இல் தொடங்கிய ஆய்வில், குழந்தைப் பருவத்திலேயே பிரிந்து வெவ்வேறு வீடுகளில் வளர்ந்த ஒரே கரு இரட்டையர் சோதிக்கப்பட்டனர். குணநலச் சோதனைகளில் அவர்கள், ஒரே வீட்டில் சேர்ந்து வளர்ந்த ஒரே கரு இரட்டையர் அளவுக்கே ஏறக்குறைய ஒத்திருந்தனர்!

ஹாரிஸின் நூலுக்குப் பிறகும் இந்தக் கணக்கு மாறவில்லை. ஐம்பது ஆண்டுகளில் உலகெங்கும் நடந்த 2,748 இரட்டையர் ஆய்வு வெளியீடுகளைத் தொகுத்து 2015-இல் ஓர் அறிக்கை வந்தது. எல்லாப் பண்புகளையும் சேர்த்துப் பார்த்தால், மனிதருக்கு இடையேயான வேறுபாடுகளில் சராசரியாக 49 விழுக்காடு பரம்பரையால் வருகிறது என்று அது கூறியது. ஒரு மனிதனில் பாதி பரம்பரை, பாதி வளர்ப்பு என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. ஒரு கூட்டத்தில் மனிதர்கள் ஒருவருக்கொருவர் வேறுபடுவதற்கான காரணங்களில் ஏறத்தாழப் பாதி மரபணு வேறுபாடு என்பதே பொருள்.

மீதிப் பாதி வீட்டின் பங்கு என்று நினைக்கத் தோன்றும். அங்கேதான் வியப்பு. ஒரே வீட்டில் தத்தெடுக்கப்பட்டு ஒன்றாக வளர்ந்த, இரத்த உறவில்லாத இரு பிள்ளைகள், பெரியவர்களானபின் குணநலச் சோதனைகளில் ஊர் பேர் தெரியாத இருவரைவிடச் சற்றும் அதிகமாக ஒத்திருப்பதில்லை. வீடு பிள்ளைகளை ஒரே அச்சில் வார்ப்பதில்லை. ராபர்ட் பிளோமின், டெனிஸ் டேனியல்ஸ் ஆகியோர் 1987-இல் இதை வலியுறுத்தி எழுதியிருந்தனர். ஹாரிஸ் இதையே தம் வாதத்தின் கடைக்காலாகக் கொண்டார்.

பழி சுமந்த தாய்மார்கள்

இது ஏட்டில் நடக்கும் வாதம் மட்டும் என்று வாசகர்கள் எண்ண வேண்டாம். ஆட்டிசம் என்னும் நிலையை லியோ கேனர் 1943-இல் விவரித்தார். பிறரோடு ஒட்டாமல் தனக்குள் வாழும் இக்குழந்தைகளின் நிலைக்குத் தாயின் அன்பற்ற போக்கே காரணம் என்ற கருத்து அமெரிக்காவில் பரவியது. புரூனோ பெட்டல்ஹைம் 1967-இல் எழுதிய நூல் அதை மேலும் பரப்பியது. இத்தாய்மார்களுக்குக் 'குளிர்பெட்டித் தாய்' என்றே பெயர் சூட்டப்பட்டது. தன் குழந்தைக்குத் தானே எமனானோம் என்ற குற்ற உணர்வோடு எத்தனை தாய்மார்கள் வாழ்ந்திருப்பார்கள்!

1977-இல் சூசன் ஃபோல்ஸ்டைன், மைக்கேல் ரட்டர் ஆகிய இருவரும் இரட்டையரில் இதைச் சோதித்தனர். ஒரே கரு இரட்டையரில் 11 இணைகளுள் 4 இணைகளில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. இரு கரு இரட்டையரில் 10 இணைகளுள் ஒன்றில்கூட இருவருக்கும் இல்லை. எண்ணிக்கை சிறிதே. ஆயினும் பரம்பரையின் கை தெளிவாகத் தெரிந்தது. பின் வந்த பெரிய ஆய்வுகள் அதை உறுதி செய்தன. பழியைச் சுமந்த தாய்மார்கள் குற்றமற்றவர்கள். பரம்பரையைக் கணக்கில் எடுக்காமல் வளர்ப்பைக் குறை கூறுவது விஞ்ஞானப் பிழை மட்டுமன்று, கொடுமையும் ஆகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஹாரிஸின் நூலில் முதற் பாதி இந்த வகையில் பெரும் தொண்டு செய்திருக்கிறது.

தோழர் குழாமின் வலிமை

வீடு இல்லையென்றால் வேறு எது? தோழர் குழாம் என்கிறார் ஹாரிஸ். அவர் காட்டும் சான்றுகளில் மிகச் சிறந்தது மொழி. மாணவியாக இருந்தபோது அவர் ஒரு ருஷ்யத் தம்பதியின் வீட்டில் வாடகைக்குக் குடியிருந்தார். பெற்றோர் பேசிய ஆங்கிலத்தில் ருஷ்ய வாடை தூக்கலாக இருந்தது. பிள்ளைகளோ தெருவில் உள்ள மற்ற அமெரிக்கக் குழந்தைகளைப் போலவே பேசினார்கள். வேற்று நாட்டில் குடியேறிய குடும்பங்கள் எல்லாவற்றிலும் இதைக் காணலாம். வெளிநாட்டில் வளரும் தமிழ்க் குழந்தைகள் விடுமுறைக்கு ஊர் வரும்போது, தாத்தா பாட்டி முதலில் கவனிப்பதும் அந்த உச்சரிப்பைத்தானே! தாயின் மடியில் கற்ற மொழியைவிட, தோழரோடு பேசும் மொழியே இறுதியில் வலுப்பெறுகிறது.

இதற்கு மற்றொரு பேருதாரணம் நிகரகுவா நாட்டில் கிடைத்தது. அங்கே 1970-களுக்கு முன் காது கேளாத குழந்தைகள் தத்தம் வீடுகளில் தனித்தனியே வாழ்ந்தனர். அவர்களுக்கென்று பொதுவான சைகை மொழி இல்லை. 1977-இல் தலைநகர் மனாகுவாவில் அவர்களுக்கான ஒரு பள்ளி தொடங்கியது. ஆசிரியர்கள் உதடசைவையும் ஸ்பானிய மொழியையும் கற்பிக்க முயன்றனர். குழந்தைகளோ, விளையாடும் இடத்திலும் பேருந்திலும் தம் வீட்டுச் சைகைகளைப் பகிர்ந்துகொண்டு தமக்கென ஒரு மொழியையே படைத்துவிட்டனர்! அடுத்தடுத்து வந்த சிறு குழந்தைகள் அதற்குச் செம்மையான இலக்கணத்தை ஏற்றினர். தாயும் தந்தையும் ஆசிரியரும் கற்றுத்தராத ஒரு மொழி, பிள்ளைகளுக்கு நடுவே பிறந்தது.

நடத்தையிலும் இதைப் போன்ற நிகழ்ச்சிகள் உண்டு. முஸாஃபர் ஷெரிஃப் 1954-இல் ஓக்லஹோமா மாநிலத்தில், ஏறத்தாழ 11 வயதுள்ள 22 சிறுவர்களைக் கோடைகால முகாமுக்கு அழைத்துச் சென்றார். ஒருவரையொருவர் முன்பின் அறியாத அவர்களை இரு குழுக்களாகப் பிரித்தார். ஒரு குழு தன்னைக் 'கிலுகிலுப்பைப் பாம்பு' என்றும், மற்றது 'கழுகு' என்றும் அழைத்துக்கொண்டது. போட்டிகள் தொடங்கியதும் பகை மூண்டது. பாம்புக் குழுவினர் முரடர்களாகக் கெட்ட வார்த்தை பேசினர். உடனே கழுகுக் குழுவினர், "நாம் அப்படிப் பேசக்கூடாது" என்று தமக்குள் விதி வகுத்துக்கொண்டு பிரார்த்தனை செய்யத் தொடங்கினர்! இரு குழுச் சிறுவர்களும் ஒத்த பின்னணியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் என்பதை மறக்கக்கூடாது. பெரியவர்கள் மறைமுகமாகத் தூண்டினார்கள் என்று இந்த ஆய்வின்மேல் பின்னர்க் குறை கூறப்பட்டது உண்மையே. இருந்தாலும், 'நாம்', 'அவர்கள்' என்ற பிரிவு வந்தவுடன் வேறுபாடு பெருகும் என்ற செய்தி கவனிக்கத்தக்கது.

வீட்டில் கற்றது ஏன் வெளியே செல்லுபடியாவதில்லை? குழந்தை ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனியே நடத்தையைக் கற்கிறது என்பது ஹாரிஸின் விடை. "வீட்டில் எலி, வெளியில் புலி" என்று நாம் கேலியாகச் சொல்வதை அவர் ஒரு கொள்கையாகவே சொல்கிறார். வீட்டுக்கு உரியது வீட்டோடு நின்றுவிடுகிறது. பிள்ளை வளர்ந்து வாழப்போவது வெளியுலகில். ஆகவே வெளியே கற்றதே நிலைக்கிறது என்பது அவர் துணிபு.

கட்டடம் ஆட்டம் காணும் இடங்கள்

இதுவரை ஹாரிஸின் பக்கம் பேசினோம். பழைய வீட்டை இடிப்பதில் அவர் வல்லவர். புதிய வீட்டைக் கட்டுவதில் அந்த அளவு உறுதியைக் காணோம். மூன்று இடங்களைச் சொல்லலாம்.

முதலாவது, 'வீட்டின் பங்கு பூஜ்யம்' என்ற கணக்கு எந்த வீடுகளை வைத்துப் போடப்பட்டது? தத்தெடுக்கும் பெற்றோர் வருமானம், உடல்நலம், ஒழுக்கம் எல்லாம் விசாரிக்கப்பட்டபின் தேர்ந்தெடுக்கப்படுபவர்கள். எல்லா வயல்களுக்கும் போதிய நீர் பாயும் ஊரில் விளைச்சல் வேறுபாட்டுக்கு நீர் காரணமாகத் தெரியாது. அதனால் பயிருக்கு நீரே வேண்டாம் என்று சொல்லலாமா?

நீர் வற்றிய வயலைக் காண வேண்டுமானால் ருமேனியாவுக்குச் செல்ல வேண்டும். அதன் தலைநகர் புகாரெஸ்டில், அனாதை இல்லங்களில் இருந்த 136 இளங்குழந்தைகளை ஆய்வாளர் 2000-ஆம் ஆண்டு வாக்கில் சீட்டுக் குலுக்கும் முறையில் இரண்டாகப் பிரித்தனர். ஒரு பாதியினர் வளர்ப்புப் பெற்றோரிடம் ஒப்படைக்கப்பட்டனர். மறுபாதியினருக்கு வழக்கமான இல்லப் பராமரிப்புத் தொடர்ந்தது. நாலரை வயதில் நுண்ணறிவு ஈவு சோதிக்கப்பட்டது. இல்லப் பிரிவினரின் சராசரி சுமார் 73, வளர்ப்புப் பெற்றோரிடம் சென்றவர்களின் சராசரி சுமார் 81. எவ்வளவு இளம் வயதில் வீடு கிடைத்ததோ அவ்வளவுக்குப் பயன் மிகுந்தது. எண்ணிப் பாருங்கள்: அந்த இல்லங்களில் தோழர்களுக்குக் குறைவில்லை. அறை நிறைய ஒத்த வயதுக் குழந்தைகளே! இல்லாதது, தன்னையே கவனிக்கும் ஒரு பெரியவரின் கண்ணும் கையும்தான்.

ஹாரிஸ் வேறு ஒரு நிகழ்ச்சியைத் தமக்கு ஆதரவாகக் காட்டுகிறார். நாஜிகளின் தெரேசின் முகாமில் பெற்றோரை இழந்து ஒன்றாக வளர்ந்த ஆறு யூதக் குழந்தைகள் 1945-இல் இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டனர். மூன்று நான்கு வயதே ஆன அவர்கள் ஒருவரையொருவர் பிரிய மறுத்தனர். தின்பண்டம் கிடைத்தால் முதலில் மற்றவருக்குக் கொடுத்தனர். பெரியவர்களைப் பொருட்படுத்தவே இல்லை. அன்னா ஃபிராய்டும் சோஃபி டானும் 1951-இல் எழுதிய இந்த வரலாறு நெஞ்சை உருக்குவது. பெற்றோர் இல்லாத இடத்தில் தோழமை ஓரளவு அந்த இடத்தை நிரப்பும் என்று இதிலிருந்து அறியலாம். பெற்றோர் இருக்கும் இடத்தில் அவர்களுக்கு வேலை இல்லை என்று இதிலிருந்து எப்படி அறிவது?

தாம் பேசுவது சாதாரணக் குடும்பங்களைப் பற்றியே என்று ஹாரிஸ் தரப்பினர் பதில் சொல்லக்கூடும். சரி, சாதாரணக் குடும்பங்களையே பார்ப்போம். ஐஸ்லாந்து நாட்டில் 2018-இல் வெளியான ஆய்வு ஒன்று மிக நுட்பமானது. பெற்றோர் ஒவ்வொருவரும் தம் மரபணுத் தொகுதியில் பாதியையே பிள்ளைக்குக் கொடுக்கிறார்கள். கொடுக்காத மறுபாதி பிள்ளையின் உடலில் இல்லை. ஆகவே அது பரம்பரை வழியாக ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் படிப்பு எத்தனை ஆண்டு நீடிக்கிறது என்பதைப் பார்த்தபோது, கொடுக்கப்பட்ட பாதியின் விளைவில் ஏறத்தாழ 30 விழுக்காடு அளவுக்குக் கொடுக்கப்படாத பாதியும் விளைவு காட்டியது! அதாவது, அந்த மரபணுக்கள் பெற்றோரை ஒரு விதமாக ஆக்கின; அந்தப் பெற்றோர் அமைத்த வீடு பிள்ளையின் படிப்பைத் தொட்டது. இதில் ஒரு பகுதி, ஒத்த கல்வியுடையோர் மணம் செய்துகொள்வது போன்ற வேறு காரணங்களால் வந்திருக்கலாம் என்று பின் வந்த ஆய்வுகள் எச்சரித்தன. அதைக் கழித்தாலும், குடும்பத்தின் பங்கை முற்றிலும் பூஜ்யமாக்க இயலவில்லை. கூச்சம், கலகலப்பு போன்ற குணங்களுக்குப் பொருந்தும் கணக்கைக் கல்விக்கும் தொழிலுக்கும் நீட்டுவது தவறு.

இரண்டாவது, பரம்பரையும் அன்று, வீடும் அன்று என்று கழித்தபின் மிஞ்சும் பெரிய பங்கு தோழர் குழாமுடையது என்று யார் நிரூபித்தார்கள்? ஒரே கரு இரட்டையரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே வீடு, ஒரே வகுப்பு, பெரும்பாலும் ஒரே தோழர்கள். அப்படியும் அவர்கள் குணத்தில் வேறுபடுகிறார்கள். அந்த மிச்சத்தில் நோய், விபத்து, கருவிலேயே நேரும் தற்செயல்கள், அளவீட்டுப் பிழை எல்லாம் கலந்திருக்கின்றன. இந்தக் குறையை ஹாரிஸே உணர்ந்தார். 2006-இல் வெளிவந்த 'நோ டூ அலைக்' என்ற தம் அடுத்த நூலில், குழுவுக்குள் ஒவ்வொரு பிள்ளையும் தனக்கென ஓர் இடத்தைத் தேடிக்கொள்கிறது என்று கொள்கையை விரித்தார். தம் கொள்கையின் ஓட்டையைத் தாமே ஆராய்ந்த அந்த நேர்மை பாராட்டத்தக்கது. ஆனால் முதல் நூலைப் படிப்பவருக்கு, மிச்சக் கணக்கு முழுவதும் தீர்க்கப்பட்டுவிட்டது போன்ற தோற்றம் உண்டாகிறது.

மூன்றாவது, தோழர்கள் தாமாக வந்து வாய்ப்பதில்லை. புகைபிடிக்கும் சிறுவனின் நண்பர்களும் புகைபிடிக்கிறார்கள் என்றால், நண்பர்கள் அவனை மாற்றினார்களா, அவன் தன்னைப் போன்றவர்களைத் தேடிச் சேர்ந்தானா? பெற்றோர் ஆய்வுகளில் ஹாரிஸ் கண்ட அதே ஓட்டை தோழர் ஆய்வுகளிலும் இருக்கிறது! டெனிஸ் காண்டல் 1978-இல் உயர்நிலைப் பள்ளி மாணவரின் நட்பை ஓராண்டுக் காலம் தொடர்ந்து கவனித்து, தேர்வும் தாக்கமும் ஏறக்குறையச் சம பங்கு பெறுகின்றன என்று கண்டார்.

மேலும், எந்தத் தெருவில் குடியிருப்பது, எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று முடிவு செய்பவர் யார்? பெற்றோரே. அமெரிக்காவில் 1994 முதல் 1998 வரை, ஏழ்மை மிகுந்த குடியிருப்புகளில் வாழ்ந்த குடும்பங்களுக்குக் குலுக்கல் முறையில் வேறு பகுதிக்குக் குடிபோக உதவித்தொகை வழங்கப்பட்டது. 13 வயதுக்கு முன் ஏழ்மை குறைந்த பகுதிக்குச் சென்ற பிள்ளைகள், இருபது வயதுகளின் நடுவில் மற்றவரைவிட 31 விழுக்காடு அதிகமாகச் சம்பாதித்தனர் என்று ராஜ் செட்டியும் அவருடைய துணைவரும் 2016-இல் கணக்கிட்டனர். வெளிச்சூழலின் வலிமைக்கு இது சான்று. அந்தச் சூழலுக்குள் பிள்ளையை அழைத்துச் சென்ற கை பெற்றோருடையது. இந்த வழியை ஹாரிஸும் ஒப்புக்கொள்கிறார். ஒப்புக்கொண்டபின், பெற்றோருக்கு நிலையான பங்கு இல்லை என்று அவ்வளவு உரக்கச் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

ஆசிரியரும் பெற்றோரும் அறிய வேண்டியது

இவ்வளவு குறைகளுக்கு அப்பாலும், தோழர் குழாமைப் பொருட்படுத்தாமல் விட்ட பழைய போக்கு இனிச் செல்லாது. மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் ஆகியோர் 2005-இல் 306 பேரை வைத்து, கார் ஓட்டும் கணினி விளையாட்டு ஒன்றை நடத்தினர். சிலர் தனியே ஆடினர். சிலர் நண்பர் பார்த்துக்கொண்டிருக்க ஆடினர். 13 முதல் 16 வயதுள்ளோர், நண்பர் முன்னிலையில் ஏறத்தாழ இரு மடங்கு அபாயத்துக்குத் துணிந்தனர். 24 வயதைக் கடந்தோரிடம் அந்த மாற்றம் இல்லை. தனியே இருக்கையில் விவேகமாக நடக்கும் பையன், மோட்டார் சைக்கிளில் மூவராக ஏறியதும் ஏன் மாறிவிடுகிறான் என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

சீர்திருத்த முயற்சிகளுக்கும் இதில் பாடம் உண்டு. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1939-இல் தொடங்கிய ஒரு திட்டம், வழி தவறக்கூடும் என்று கருதப்பட்ட சிறுவர்களுக்கு ஆலோசனையும் உதவியும் அளித்தது. சில சிறுவர்கள் கோடைமுகாம்களுக்கும் அனுப்பப்பட்டனர். முப்பது ஆண்டுகளுக்குப் பின் ஜோன் மெக்கார்ட் தேடிப் பார்த்தபோது, உதவி பெற்றவர்களின் நிலை பெறாதவர்களைவிட மோசமாக இருந்தது! முகாமுக்கு ஒரு தடவைக்கு மேல் சென்றவர்களிடமே அந்தத் தீங்கு மிகுதியாகக் காணப்பட்டது. ஒத்த குறையுடைய பிள்ளைகளை ஒரே இடத்தில் அடைத்தால், அவர்கள் ஒருவருக்கொருவர் ஆசிரியராகிவிடுகிறார்கள்.

நம் பள்ளிகளில் மதிப்பெண்ணைக் கொண்டு 'நன்றாகப் படிப்பவர்', 'மந்தமானவர்' என்று வகுப்பைப் பிரிக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. ஷெரிஃபின் முகாமை நினைத்துப் பாருங்கள். 'நாங்கள் கடைசி பெஞ்சு' என்று ஒரு குழாம் தனக்குப் பெயர் சூட்டிக்கொண்டபின், படிப்பது அக்குழாமின் மானத்துக்கே இழுக்காகிவிடுகிறது. வகுப்பு முழுவதையும் 'நாம்' என்ற ஒரே குழாமாக வைத்திருக்கக்கூடிய ஆசிரியர், பெற்றோரால் இயலாததையும் செய்யலாம் என்று ஹாரிஸ் எழுதும் பகுதி, ஆசிரியர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டியது.

பெற்றோருக்கு இந்நூல் தரும் ஆறுதலும் பெரிது. பிள்ளை கூச்ச சுபாவமுள்ளவனாக இருந்தால், "எங்கே தவறு செய்தோம்?" என்று இரவெல்லாம் விழித்திருக்க வேண்டாம். ஆனால், "நம் கையில் ஒன்றும் இல்லை" என்று கைகழுவிவிடவும் வேண்டாம். கணவன் மனைவியிடம் அன்பாக இருப்பது அவள் குணத்தை மாற்றுவதற்காகவா என்று ஹாரிஸே கேட்கிறார். சேர்ந்து வாழும் ஒருவரை அன்பாக நடத்துவதற்கு வேறு காரணம் தேவையில்லை. பிள்ளையும் அப்படித்தான். பெரியவனானபின் நிரப்பப்போகும் வினாத்தாளில் அந்த அன்பு மதிப்பெண்ணாகத் தெரியாமல் போகலாம்; இன்றைய நாள் அவனுக்கு நல்ல நாளாகக் கழிவதும் ஒரு பயன்தான்.

மொத்தத்தில், 'தி நர்ச்சர் அசம்ப்ஷன்' படிக்க வேண்டிய நூல். அதன் வினாக்களை முழுமையாகவும், விடைகளைப் பாதியாகவும் ஏற்பது பொருத்தம். ஆங்கிலம் ஓரளவு தெரிந்தவர்கள் 2009-ஆம் ஆண்டுத் திருத்திய பதிப்பைத் தேடிப் படிக்கலாம்; நடை எளிது, நகைச்சுவையும் உண்டு. இனி எங்கேனும் "இப்படி வளர்த்தால் பிள்ளை இப்படி ஆகும்" என்று ஓர் ஆய்வைப் பற்றிச் செய்தி கண்டால், வாசகர்கள் இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்: பரம்பரையைக் கழித்துவிட்டார்களா? எது முந்தியது, வளர்ப்பா, பிள்ளையின் சுபாவமா? விடை அந்தச் செய்தியில் இல்லையென்றால், அதை நம்பி எந்தத் தாயையும் குறை சொல்லாதீர்கள்.